டிக்கிக்குள் சீனித்தம்பி ஏறிய விபரம்

மாதா துணை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
2009 ஜூன்.

மெல்பேணில் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அன்புள்ள மச்சான் ட்றெவருக்கு,

உன் அக்கா ஓட்றியின் புருஷன் வேர்னன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஓட்றியும் சுகம். அங்கு நீயும் உன் பெண்சாதியும் பிள்ளைகள் டஸ்டினும் தானியாவும் குறைவில்லாமல் இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறோம். நான் சுகம் என்று எழுதியதை மட்டும் நீ அப்படியே நம்பிவிடாதே. கை நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. எழுத்து கோணலாகத் தெரிந்தால் அதுதான் காரணம், நீ நினைக்கிற காரணம் இல்லை. போத்தலைத் தொட்டு வெகு காலமாகிறது.

கொழும்பிலிருந்து கிம் உனக்குப் போன் எடுத்து, "அப்பா உங்கள் காரில் ஒரு ஆளைக் கடத்திக்கொண்டு போனாராம், ஆமி பிடித்துவிட்டதாம்" என்று சொன்னாளாம். நான் பெற்ற மகள். நீ உடனே உன் அக்காவுக்குப் போன் எடுத்து, "காருக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாயாம். எனக்குப் பெண் கொடுத்த வீட்டு ஆள். இப்படி இரண்டு பேர் எனக்கு இருக்கையில் வெளியில் எதிரி தேடத் தேவையில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், இதை வாசித்துவிட்டு அங்குள்ள நம்முடைய பறங்கி ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு. கார் உன்னுடையது என்பது உண்மை. டிக்கிக்குள் ஆள் இருந்ததும் உண்மை. ஆமி பிடித்ததும் உண்மை. கடத்தல் மட்டும்தான் பொய். அந்த ஆள் தானாக ஏறினான். ஏறாதே என்று நான் சொன்னதற்கு எனக்கு ஏச்சும் விழுந்தது.

டச்பாரில் உங்கள் வீடு இருந்த இடத்தில் சுனாமி விட்டுவைத்தது அத்திவாரத்தையும் இந்தக் காரையும்தான். வீடு போனது, உன் அம்மா போனா. அவவைத் தேடி நாங்கள் போகாத இடமில்லை. கார் மட்டும் ஆற்றோரம் கண்ணாப் பற்றைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு, சிவப்பு நிறம்கூட மங்காமல் நின்றது. எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மனிசியை விட்டுவிட்டு இரண்டு சீற் உள்ள இந்தத் தகரத்தைக் காப்பாற்றிய கடலை என்ன செய்வது? காரைத்தான் உதைத்தேன். ஓட்றி என்னை விலக்கிவிட்டு, உடுத்திருந்த கவுணாலேயே அதன் கண்ணாடியைத் துடைத்தாள். இதை விற்கும் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்.

உப்புத்தண்ணீரும் சேறும் புகுந்த இடமெல்லாம் டீசல் விட்டுக் கழுவியது பெரியகல்லாற்று மெக்கானிக் சீனித்தம்பி. என்ஜினைக் கழுவினான், கியர்பொக்ஸைக் கழுவினான், பின்னுக்கிருக்கிற டிபரன்சலையும் கழுவினான். டிபரன்சல் என்றால், என்ஜின் சுற்றுகிற சுற்றை இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பூசணிக்காய் போன்ற இரும்புப் பெட்டி. உனக்குத் தெரியும்தான், ஆனால் ஓட்றிக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி இப்போது யாரைக் கண்டாலும் விளங்கப்படுத்துகிற வியாதி எனக்கு வந்துவிட்டது. கழுவிய பிறகு கார் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பின்பக்கமிருந்து மெல்ல முனகத் தொடங்கியது. அது படுவான்கரைப் பக்கம் ஆமியின் செல் குண்டுகள் போய்க்கொண்டிருந்த காலம், கார் முனகுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? ஆட்களே முனகாமல் இருந்தார்கள். இந்த வருஷம் வரும்போது அது முனகலைத் தாண்டி ஊளைக்கு வந்துவிட்டது. முப்பது மைலுக்கு மேல் போய்க் காலை அழுத்தினால் "ஊ" என்று எழும்பும். காலை எடுத்தால் நின்றுவிடும். திரும்ப அழுத்தினால் திரும்ப ஊ. கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினாலும் இந்த அளவுக்குத் தெருச்சனம் திரும்பிப் பார்க்காது.

போன மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோ சொன்ன கிழமையே நீ போன் எடுத்தாய். மார்கழிக்குக் குடும்பத்தோடு வருகிறோம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும், காரைத் திருத்தி வை என்றாய். நீ சொல்லாவிட்டால் நான் சீனித்தம்பியிடம் போயிருக்கமாட்டேன் என்பதையும் இந்த இடத்தில் மரியாதையாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

சீனித்தம்பியை நீ பார்த்து வருஷக்கணக்காகிறது. ஆள் அதே கட்டை உருவம்தான், வாய்தான் வளர்ந்திருக்கிறது. காரை அவன் முற்றத்தில் நிறுத்தியதும், சத்தம் டிபரன்சலில் உள்ள பெரிய சில்லின் பல்லில் இருந்துதான் வருகிறது என்று நான் சொன்னேன். தந்திக் கந்தோரில் வாழ்நாள் முழுக்க டக்கு டக்கைக் கேட்ட காது இது, எனக்குச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல உரிமை இருக்கிறது. அவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே, "தந்தி வேற, டிபரன்சல் வேற அண்ணன். நீங்க அங்கால இரிங்க" என்றான். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிச் சில்லைக் கையால் சுற்றினான், ஆட்டினான், முகர்ந்தும் பார்த்தான். முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓடச் சொன்னான். சத்தம் அசையவில்லை, ஆகவே டயர் இல்லை. றோட்டில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஓடச் சொன்னான். சத்தம் கூடவுமில்லை குறையவுமில்லை, ஆகவே சில்லுப் பெயரிங்கும் இல்லை. மிச்சம் இரண்டு. ஒன்று, பெரிய சில்லைச் சுற்றுகிற பினியன் என்ற சின்னச் சில்லின் பெயரிங். அது இல்லாவிட்டால் நான் சொன்ன பல். பல் என்றால் சாமான் இந்த நாட்டிலேயே இல்லை, பெயரிங் என்றால் எப்படியும் தேடிப் பிடிக்கலாம். எது என்று தெரியாமல் கழற்றக் கூடாது என்பது அவனுடைய கொள்கை.

"முன்னுக்கு இரிந்து கேட்டா எல்லாம் ஒரே இரைச்சல்தான். சாமான் பின்னுக்குக் கிடக்கு, காதும் பின்னுக்குக் கிடக்கணும்" என்றான்.

"பின்னுக்கு எங்க இரிக்கப் போறாய்? இதுல ரெண்டு சீற்தானே?"

"டிக்கிக்குள்ள."

"உனக்கென்ன விசரா?"

"நீங்க ஓடுங்க. மறுகா பாருங்க, பெயரிங்கா பல்லா எண்டு சொல்றனா இல்லையா எண்டு."

உபரிச் சில்லை இறக்கி வைத்தான். கோயிலுக்குப் போடுகிற நல்ல சேட்டைக் கழற்றிப் பெண்சாதி மங்கையற்கரசியிடம் நீட்டிவிட்டுப் பனியனோடு உள்ளே ஏறி, முழங்காலை நாடிக்கு மடித்துக்கொண்டு சரிந்தான். ஒரு முழ நீளமுள்ள ஸ்குறூட்றைவர் ஒன்றின் நுனியை டிபரன்சலுக்கு மேலே தகரத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக்கொண்டான். அப்படி வைத்தால் இரும்பின் சத்தம் நேரே காதுக்குள் வருமாம். மூடியைத் திறந்து கயிற்றால் கட்டுவோம் என்றேன். காற்றுச் சத்தம் கலக்கும், பூட்டுங்க என்றான். மங்கையற்கரசி, "இதென்ன கோலம், ஆளப் பெட்டிக்குள்ள அடைக்கிற மாதிரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பூட்டினேன். அந்த டிக்கி வெளியில் திறப்புப் போட்டால்தான் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். அவனுடைய அடையாள அட்டை அந்த நல்ல சேட்டின் பையில் கிடந்தது என்பது அந்த நேரம் எங்கள் மூவரில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

இங்கு நாங்கள் றோட்டை மைல்கட்டையால் அளப்பதில்லை, ஆமி மறிக்கிற சென்றியால்தான் அளக்கிறோம். எந்தச் சென்றியில் இறங்கி நடக்க வேண்டும், எதில் பையை அவிழ்க்க வேண்டும், எதில் தொப்பியைக் கழற்றிச் சிரித்தால் போதும் என்பதெல்லாம் மனப்பாடம். கல்லாற்றுக்கு வடக்கே இரண்டு சென்றிக்கு நடுவில் நல்ல நேர் றோட்டு ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது, அதற்குள் போய்க் கிறுகி வந்தால் ஒரு சென்றியையும் தொடத் தேவையில்லை. இது என்னுடைய யோசனை. வாழ்க்கையில் நான் செய்த மிகக் கவனமான யோசனை அதுதான். றோட்டுக்கு ஏறினேன், முப்பது, முப்பத்தைந்து, அழுத்தினேன், ஊ. எடுத்தேன், நின்றது. டிக்கிக்குள்ளிருந்து ஒருமுறை தட்டினால் அழுத்து, இரண்டுமுறை தட்டினால் எடு என்று பேச்சு. தட்டத் தட்ட அழுத்தியும் எடுத்தும் ஊளையிட்டுக்கொண்டு ஒரு வளைவைத் தாண்டினால், நேற்றுவரை இல்லாத இடத்தில் தார்ப்பீப்பாய், முள்ளுக்கம்பி, மண்மூட்டை, கையை நீட்டிக்கொண்டு ஒரு ஆமிக்காரன். அன்று காலையில்தான் முளைத்திருக்கிறது.

நிறுத்தினேன், என்ஜினையும் நிறுத்தினேன், அட்டையை எடுத்து நீட்டினேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. பிறகு டிக்கி பேசியது.

"ஏன் அண்ணன் நிப்பாட்டின? அமத்துங்க! இப்பதான் பிடிபட்டுக்கொண்டு வந்த!"

அந்தப் பையன் பின்னுக்குப் பாய்ந்த பாய்ச்சலையும், மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து துவக்குகள் திரும்பிய வேகத்தையும் நான் எழுதமாட்டேன், எழுதினால் எழுத்து இன்னும் கோணும். கையைத் தூக்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் "உள்ளே ஒரு மனுசன் இருக்கிறான்" என்று சொன்னேன். அந்த இடத்தில் சொல்லக்கூடிய வாக்கியங்களில் அதைவிட மோசமானது ஒன்றுமில்லை என்று பிற்பாடு ஓட்றி சொன்னாள். டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். திறப்பு துவாரத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. உள்ளே அவன் வேறு "கெதியாத் துறங்க, வேர்க்குது" என்று அவசரப்படுத்துகிறான். ஒருபடியாகத் திறந்தால், பனியனும் கிறீசுமாக, காதில் ஒரு முழ இரும்பை வைத்தபடி, சீனித்தம்பி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறான்.

இனி வருகிற இடத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசி. அங்கே நின்ற கோப்ரல் தடித்த ஆள், கொஞ்சம் தமிழ் பேசுவான். அவன் சீனித்தம்பியிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. "நீ ஏறினதா, இவர் போட்டதா?" வேர்னன் போட்டான் என்றால் அது ஆள்கடத்தல், எனக்கு விலங்கு. நானே ஏறினேன் என்றால், அடையாள அட்டை இல்லாத ஒருவன் பூட்டிய டிக்கிக்குள் ஒளித்துச் சென்றியைத் தாண்டப் பார்த்தான், அவனுக்கு விலங்கு. மூன்றாவது மறுமொழி ஒன்று இல்லை. சீனித்தம்பி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான்தான் ஏறின. இவருக்கு என்ன தெரியும், இவர் தந்திக் கந்தோர்" என்றான். அவன் என்னைக் காப்பாற்றச் சொன்னானா, வாய்க்கொழுப்பில் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்டால் இரண்டுமில்லை என்கிறான். அவனை மண்மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய், கையைத் தலைக்கு மேல் வைத்து முழங்காலில் இருத்தினார்கள். கோப்ரல் என்னுடைய அட்டையைத் திருப்பித் தந்து, "நீ போ. அவன் இருக்கட்டும்" என்றான்.

மச்சான், உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், போ என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த மூச்சில் அந்தச் சந்தோஷத்தின்மேல் நானே காறித் துப்பலாம் போல இருந்தது. நாங்கள் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை அது. அவன் இருக்கட்டும், நீ போ. இருக்கட்டும் என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் பிறகு இருந்தார்கள்? சண்டை முடிந்ததென்று வெடி கொளுத்தி ஒரு மாதம் ஆகவில்லை, கையில் அட்டையில்லாத ஆள், கல்லாற்றுத் தமிழன், டிக்கிக்குள்ளிருந்து எடுத்த ஆள். ஒரு சத்தத்துக்காக இவனைக் கொண்டுவந்து நான் கையளித்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அட்டையைக் கொண்டுவருகிறேன் என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டுக் கல்லாற்றுக்குக் காரைத் திருப்பினேன்.

மங்கையற்கரசி வேலியடியில் நின்றாள். நான் இறங்குவதைப் பார்த்தாள், பக்கத்துச் சீற்றைப் பார்த்தாள், பிறகு நேரே காரின் பின்பக்கம் போனாள்.

"டிக்கியத் துறங்க."

"புள்ள, அவர் அங்க..."

"துறங்க."

திறந்தேன். ஸ்குறூட்றைவர் மட்டும் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தைக்கு என்று போன அவளுடைய தம்பி இன்னும் வரவில்லை என்பது உனக்குத் தெரியாது, நீ போன பிறகு நடந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் போலக் கேட்டது, சத்தம், பெயரிங், பல், டிக்கி. அவள் உள்ளே போய்ச் சேட்டை எடுத்து, பையைத் தடவி அட்டையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து சீற்றில் ஏறினாள்.

"நீங்கதான் கூட்டித்துப் போன. நீங்கதான் கூட்டித்து வரணும். எடுங்க காரை" என்றாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஒரு லெப்டினன்ட் வந்திருந்தார். நம் டஸ்டினைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. அட்டையைப் பார்த்தார், மங்கையற்கரசியைப் பார்த்தார், காரைச் சுற்றி வந்து நிறையவே பார்த்தார். சீனித்தம்பி இன்னும் முழங்காலில்தான் இருந்தான். பெண்சாதியைக் கண்டதும் வாயைத் திறக்கப் போனான், அவள் விரலைக் காட்டியதும் மூடிக்கொண்டான், அவன் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். நான் எனக்குத் தெரிந்த மூன்று பாஷையையும் கலந்து டிபரன்சலை விளங்கப்படுத்தினேன். லெப்டினன்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிளிநொச்சியிலோ எங்கோ பழகிய தமிழில், "அப்ப கார் சத்தம் போடுது?" என்றார். போடும் என்றேன். "எனக்குக் கேக்கணும். சத்தம் இருந்தா அவன் போறது. இல்லாட்டி அவன் எங்களோட வாறது" என்றார்.

ட்றெவர், இந்த வருஷம் பிறந்ததிலிருந்து ஊரே காது பொத்துகிற கார் அது. லெப்டினன்ட் எனக்குப் பக்கத்தில் ஏறினார். பின்னால் சத்தம் கேட்பதாகத்தானே சொன்னாய் என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கோப்ரலை டிக்கிக்குள் ஏறச் சொன்னார். அந்தத் தடித்த ஆளை இரண்டு பையன்கள் மடித்து உள்ளே வைத்தார்கள், ஸ்குறூட்றைவரையும் கையில் கொடுத்தார்கள், நான் பூட்டவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். பீப்பாய்களுக்கிடையில் வளைந்து வளைந்து போனேன். கார் குழந்தைபோலப் போகிறது. ஒரு முனகல் இல்லை. "சத்தம் எங்கே?" என்றார். முப்பது மைலுக்கு மேல் போக வேண்டும் என்றேன். அந்த வேகத்தில் போனால் அடுத்த சென்றியில் சுடுவார்கள் என்றார். போகாவிட்டால் சத்தம் வராது சேர் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு றேடியோவை எடுத்து, அடுத்த சென்றிக்கு ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு சிவப்புக் கார் ஓடி வரும், சுட வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றுதான் நம்பினேன். சுடுங்கள் என்று சொன்னாலும் எனக்கு விளங்காது.

நேர் றோட்டில் விட்டேன். முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. சத்தம் இல்லை. மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், துரும்பளவும் இல்லை. அந்தக் காரைச் சத்தம் போடாதே என்று கும்பிட்டிருக்கிறேன், அன்றுதான் சத்தம் போடு என்று கும்பிட்டேன். மாதாவே, அந்தோனியாரே என்றெல்லாம் வாய்க்குள் கூப்பிட்டேன். பயத்தில் கால் பெடலில் பட்டும் படாமலும் கிடக்கிறது, கார் தன்பாட்டில் மிதந்து போகிறது. அடுத்த சென்றிக்கு முன்னால் லெப்டினன்ட் திருப்பச் சொன்னார். "பொய் சொன்னது" என்று மட்டும் சொன்னார், அதுவும் மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது.

திரும்பி வருகிறோம். தூரத்தில் மண்மூட்டை தெரிகிறது, மங்கையற்கரசி றோட்டோரத்தில் நிற்பது தெரிகிறது, பக்கத்தில் தலையில் கையை வைத்தபடி முழங்காலில் அந்தக் கட்டை உருவம். கார் கிட்ட வர, சத்தமில்லாமல் வருவதை அவன் கேட்டுவிட்டான், அதாவது கேட்காததைக் கேட்டுவிட்டான். தலையில் வைத்த கையையும் எடுக்காமல், பக்கத்தில் துவக்கோடு நிற்கிறவனையும் பார்க்காமல், முழுத் தொண்டையில் கத்தினான்.

"அமத்துங்க அண்ணன்! காலுக்குப் பயமா? இழுத்தாத்தான் அது கத்தும்! அமத்துங்கோவ்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இழுவையில்தான் அது கத்தும், மிதந்து போனால் கத்தாது. எனக்கும் தெரிந்ததுதான், பயத்தில் மறந்துபோயிருந்தது. நான் பிறேக் போட்டு வேகத்தைக் குறைத்து, அங்கேயே காலைத் தரைமட்டும் அழுத்தினேன். ஊ என்று எழும்பியது பார். என் வாழ்க்கையில் தேவமாதா பாட்டுக்கூட அப்படி இனித்ததில்லை. காலை எடுத்தேன், நின்றது. அழுத்தினேன், ஊ. லெப்டினன்ட் இரண்டு கையாலும் டாஷ்போட்டைப் பிடித்துக்கொண்டார். டிக்கிக்குள்ளிருந்து கோப்ரல் படார் படார் என்று அடித்தான், நிறுத்து என்று அடித்தானா ரசித்து அடித்தானா தெரியாது, நான் பீப்பாய் மட்டும் ஊளையிட்டுக்கொண்டே வந்தேன். இறங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து நான் ஆட்களுக்கு முன்னால் அழுதது சுனாமிக்கும் இதற்கும்தான்.

கோப்ரலை இழுத்து வெளியில் எடுத்தார்கள். அவன் முதுகை நிமிர்த்தவுமில்லை, நேரே சீனித்தம்பியிடம் போய், "பல்லு" என்றான். அவனுடைய தகப்பனுக்குக் குருநாகல் பக்கம் லொறி ஓட்டமாம். சீனித்தம்பி முழங்காலில் இருந்தபடி, "பல்லா? பல்லெண்டா கறகற எண்டு அரைக்கும். இது பெயரிங். நீ என்னத்தக் கேட்ட?" என்றான். கோப்ரல் சிங்களத்தில் ஏதோ கோபமாகச் சொன்னான். இவன் தமிழில் அதைவிடக் கோபமாக மறுத்தான். கோப்ரல் குந்தியிருந்து மண்ணில் பெரிய வட்டம் கீறிப் பல் வைத்தான். இவன் தலையிலிருந்த ஒரு கையை எடுத்து அதற்குப் பக்கத்தில் சின்ன வட்டம் கீறினான், துவக்குக்காரப் பையன் பதறி லெப்டினன்டைப் பார்த்தான். லெப்டினன்ட் அட்டையை மங்கையற்கரசியின் கையில் கொடுத்து, "இவனைக் கொண்டு போ அக்கா. இவனுக்கு வாய் கூட" என்றார். என்னைப் பார்த்து, இனி டிக்கியில் ஆள் ஏற்றினால் உன்னையும் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டுவேன் என்றார். மூன்று பேர் இரண்டு சீற்றில் திணிந்துகொண்டு வந்தோம். வழிமுழுக்க மங்கையற்கரசி அவனை ஏசிக்கொண்டே வந்தாள், அவனுடைய பனியன் நுனியையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். காரும் ஊளையிட்டுக்கொண்டே வந்தது, யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

மிச்சம் சுருக்கம். கழற்றிப் பார்த்ததில் பெயரிங்தான். என்னுடைய தந்திக் காதும் கோப்ரலுடைய லொறிக் காதும் தோற்றுப் போயின. உருளைகளில் உப்பு தின்ற புள்ளி புள்ளியான அரிப்பு, சுனாமித் தண்ணீர் செய்த வேலை, டீசலுக்கு அது அடங்கவில்லை. ஓட்டமாவடியில் அசனார் காக்காவின் கடையில் டிறக்டர் சாமான்களுக்குள் தேடி அளவான பெயரிங் எடுத்தோம். இடைவெளிக்கு வைக்கப் பால்மாப் பேணியை வெட்டிச் சீனித்தம்பி தகட்டு வளையம் செய்தான். பல்லோடு பல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கப் பூசுகிற சாயம் இல்லாமல் ஓட்றியின் லிப்ஸ்டிக்கை வாங்கிப் பல்லில் பூசிச் சுற்றிப் பார்த்தான். எங்கள் கலியாண ஆண்டுநாளுக்குப் போட வைத்திருந்த நிறமாம் அது, அந்த ஏச்சும் எனக்குத்தான். இப்போது கார் நாற்பதிலும் சத்தமில்லை, அழுத்தினாலும் சத்தமில்லை. என் வேலை முடிந்தது. மார்கழியில் வந்து பிள்ளைகளோடு கர்வமாக ஓடு. கிம் சொன்ன கதையை நம்பியவர்களிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

டஸ்டினுக்கும் தானியாவுக்கும் மாமாவின் முத்தமும் ஆசீர்வாதமும். உன் பெண்சாதிக்கு எங்கள் அன்பு. கடலும் ஆறும் எங்களை இன்னொரு மார்கழி வரைக்கும் அமைதியாக விட்டுவைக்க நீங்களும் அங்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள்.

உன் மச்சான்,
வேர்னன்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னரே இதை எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்றுப் பின்னேரம் கல்லாற்றிலிருந்து திருத்திய காரில் வந்தேன். கேற்றடியில் நிறுத்தியபோது ஓட்றி வெறுங்காலோடு றோட்டில் நிற்கிறாள், கையில் செபமாலை, முகத்தில் இரத்தமில்லை. என்ன என்றேன். இவ்வளவு காலமும் நான் பாலத்துச் சென்றியைத் தாண்டிக் காலை அழுத்துகிற சத்தம் கேட்டுத்தான் அடுப்பில் சோற்றுப்பானையை வைப்பாளாம். எனக்கு இது தெரியாது, அவளும் சொன்னதில்லை. நேற்றுச் சத்தம் வரவில்லை. நேரம் போகப் போக, என்னையும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். சண்டை முடிந்துவிட்டது ஓட்றி என்றேன். "அது றேடியோவுக்கு. அந்தச் சத்தத்தத் திரும்ப வைக்கச் சொல்லுங்க" என்றாள். இன்று காலையில் போய்ச் சொன்னேன். சீனித்தம்பி துள்ளிக் குதித்தான், செய்த வேலையைக் கெடுக்கிற மெக்கானிக் நானில்லை என்றான். மங்கையற்கரசிதான் உள்ளேயிருந்து அந்தப் பழைய பெயரிங்கைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். "போட்டுக் குடுங்க. சாமான் எடுக்க நீங்களும் அந்தக் காரிலதானே போய் வாறீங்க, எனக்கும் கேக்கணும்" என்றாள். இப்போது அவன் அந்தப் பெயரிங்கோடு காருக்குக் கீழே படுத்திருக்கிறான். மார்கழிக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் காதுக்கு வைக்கப் பஞ்சு கொண்டு வா.